லயமா, ஏழு பேர்ச்சா, டவுனா? மழையை முன்னால் வைத்து ஒரு வீட்டுக் கணக்கு

"தாத்தா காலத்துல இருந்து இந்த மலை இப்படியேதான் நிக்குது. இனிமேத்தான் சரியப் போகுதா?"

2025 நவம்பரில் டித்வா புயல் போன பிறகு எங்கள் வீட்டில் நடந்த எல்லாப் பேச்சும் அம்மாவின் இந்தக் கேள்வியில் வந்துதான் முட்டி நின்றது. எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலையகத்தில், ஹப்புத்தளைக்குக் கீழே, தெற்குப் பக்கச் சரிவில் இருக்கிறது. மேல் லயத்தில், அதாவது தொழிலாளர்களுக்கான வரிசை வீட்டில், பன்னிரண்டு காம்பரா (அறை). ஐந்தாவதில் அம்மா, சித்தி, சித்தியின் மகள், அவளுடைய இரண்டு பிள்ளைகள். நான் பண்டாரவளையில் வாடகைக்கு இருக்கிறேன். தம்பி கொழும்பில். டிசம்பரில் மண் பார்க்க வந்தவர்கள் லயத்துக்குப் பின்னால் இருந்த வெடிப்பைப் பார்த்துவிட்டு, பெரிய மழை வந்தால் இங்கே யாரும் படுக்கக் கூடாது என்று சொல்லிப் போனார்கள். அப்படியானால் எங்கே படுப்பது என்று சொல்லவில்லை. அது அவர்கள் வேலையும் இல்லை.

எங்கள் முன்னால் நான்கு வழி இருந்தது. லயத்திலேயே கவனமாக இருப்பது. தோட்டத்துக்குள் வேறு இடத்தில் கிடைக்கும் ஏழு பேர்ச் (பேர்ச் என்பது காணி அளவு) துண்டில் வீடு கட்டுவது. டவுனில் வாடகைக்குப் போவது. அல்லது மாமா வீட்டுப் பக்கமாக, வடக்கே சமவெளியில் இருக்கும் வன்னிக்கே இறங்கிவிடுவது. இதே நான்கையும் வைத்துக்கொண்டு பதுளையிலும் நுவரெலியாவிலும் கண்டியிலும் எத்தனையோ குடும்பங்கள் உட்கார்ந்திருக்கும் என்பதால் எங்கள் கணக்கை எழுதி வைக்கிறேன்.

முதலில் அம்மாவின் கேள்வி. அது லேசான கேள்வி இல்லை. ஓர் இடத்தை நம்பலாமா என்று பார்க்க மனுசருக்குத் தெரிந்த பழைய வழியே அதுதான், இதுவரை என்ன நடந்தது என்று பார்ப்பது. பாலம் கட்டுகிறவர்களும் அதைத்தான் செய்தார்கள். பல வருட மழைப் பதிவை எடுத்து, பத்து வருடத்துக்கு ஒரு தடவை வரும் மழை இவ்வளவு, ஐம்பது வருடத்துக்கு ஒரு தடவை வருவது இவ்வளவு என்று கணக்குப் போட்டு மதகின் அகலத்தைத் தீர்மானித்தார்கள். நாளைய மழையும் நேற்றைய மழை மாதிரிதான் இருக்கும் என்பது அந்தக் கணக்குக்கு அடியில் இருக்கும் நம்பிக்கை.

அந்த நம்பிக்கைதான் இப்போது ஆடுகிறது. 1988இல் அமைக்கப்பட்ட ஐபிசிசி, அதாவது காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழு, 2021இல் வெளியிட்ட அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியோடு ஒப்பிட்டால் பூமி ஏறக்குறைய 1.1 பாகை சூடேறிவிட்டது. அன்று பத்து வருடத்துக்கு ஒரு தடவை வந்த ஒருநாள் கனமழை, உலகத்தின் நிலப்பரப்பை மொத்தமாக எடுத்தால், இன்று அதே பத்து வருடத்தில் 1.3 தடவை வருகிறது. சூடு 1.5 பாகைக்குப் போனால் 1.5 தடவை, 2 பாகையில் 1.7 தடவை, 4 பாகையில் 2.7 தடவை. காரணம் அடுப்படியிலேயே விளங்கக் கூடியது: காற்று ஒரு பாகை சூடேறினால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதலாக ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிடித்ததைக் கொட்டும்போது அந்தக் கூடுதலையும் சேர்த்துத்தான் கொட்டும். 2024ஆம் ஆண்டின் சராசரி, முதல் தடவையாக அந்த 1.5 பாகையைத் தாண்டியது. ஒரு வருடத்தை வைத்து எல்லை தாண்டிவிட்டோம் என்று சொல்ல மாட்டார்கள், இருபது வருடச் சராசரியைத்தான் பார்ப்பார்கள். ஆனாலும் எந்தப் பக்கம் போகிறோம் என்பது தெரிகிறது.

இதை முப்பது வருடம் நிற்கப்போகும் ஒரு வீட்டுக்குப் போட்டுப் பார்த்தேன். தாத்தா காலத்துக் கணக்கில் அந்த வீடு அப்படிப்பட்ட மழையை மூன்று தடவை பார்க்கும். 1.5 பாகைக் கணக்கில் நாலரை தடவை. "மூணு நாலரை ஆனா என்னண்ணே, பெரிய வித்தியாசமா?" என்று தம்பி கேட்டான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் தாத்தா காலத்து மலையில் குறுக்கே வெட்டிய கான்கள் (தண்ணீர் வடியும் வாய்க்கால்கள்) எல்லாம் தூர் எடுத்துச் சுத்தமாக இருந்தன, தண்ணீர் ஓடி இறங்கியது. இன்று எங்கள் மலையில் பாதிக் கான் மண்ணும் மானாப்புல்லுமாக மூடிக் கிடக்கிறது. ஓடிப்போன தண்ணீர் இப்போது உள்ளே இறங்குகிறது. மழையும் மாறிவிட்டது, மலையும் மாறிவிட்டது. அதனால் "இப்படியேதான் நிக்குது" என்பதை இனிமேல் சாட்சியாக எடுக்க முடியாது என்ற முடிவுக்கு வந்தேன்.

ஆனால் உலக விஞ்ஞானத்தை அதற்கு மேல் இழுக்கவும் கூடாது. சில நண்பர்கள் ஐபிசிசி அறிக்கையைக் காட்டி "மலைநாடே போயிரும், எல்லாரும் இறங்கிருங்க" என்கிறார்கள். அந்த அறிக்கை அப்படிச் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. உலக அளவிலான காலநிலை மாதிரிகள் பூமியைப் பெரும்பாலும் நூறு கிலோமீற்றர் அளவுக் கட்டங்களாகப் பிரித்துத்தான் கணக்குப் போடுகின்றன. இலங்கையின் அதிகபட்ச அகலமே 225 கிலோமீற்றர் அளவுதான். மலையகம் முழுவதும் இரண்டு மூன்று கட்டத்துக்குள் முடிந்துவிடும். பிதுருதலாகலையின் 2524 மீற்றர் உயரமும் பலாங்கொடைப் பள்ளமும் ஒரே கட்டத்தில் சராசரியாகி ஒரு மேட்டைப் போல இருக்கும். வைகாசி முதல் மேற்குச் சரிவிலுள்ள வட்டவளையை ஊற வைக்கும் தென்மேல் பருவமழையையும், ஐப்பசி முதல் தை வரை எங்கள் ஊவாப் பக்கத்தைப் பிடிக்கும் மழையையும் அந்தக் கட்டம் சரியாகப் பிரித்துப் பார்க்காது. எங்கள் ஐந்தாவது காம்பராவுக்குப் பின்னால் இருக்கும் வெடிப்பு அதற்குத் தெரியவே தெரியாது.

ஆக, உலக அறிக்கை எனக்குச் சொன்னது ஒன்றுதான்: பழைய அனுபவத்தை நம்பி உட்கார்ந்திருக்காதே. எந்த இடத்துக்குப் போவது என்பதற்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய வரைபடமும் நம் கண்ணும்தான். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் ஒன்று பயந்து ஓடுவோம், இல்லாவிட்டால் அசையாமல் இருப்போம்.

லயத்திலேயே இருந்தால்

இதற்குச் சாதகமாகச் சொல்ல நிறைய உண்டு. வாடகை இல்லை. ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீர் பக்கத்தில். சித்தி மகள் மலைக்கு வேலைக்குப் போனால் பிள்ளைகளைப் பார்க்கப் பத்துப் பேர் இருக்கிறார்கள். மாரியம்மன் கோயில் கூப்பிடு தூரத்தில். அம்மாவுக்கு எழுபது ஆகப்போகிறது, அவரது உலகம் முழுவதும் அந்த இஸ்தோப்பில் (திண்ணையில்) இருந்து தெரியும் இடம்தான்.

கவனமாக இருந்தால் போதும் என்பது இந்த வழியின் அடிப்படை. அதற்கு அளவுகோலும் இருக்கிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் விழிப்பாக இரு, 100 என்றால் தயாராகு, 150 என்றால் வெளியேறு. இதுதான் மண்சரிவு எச்சரிக்கையின் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு. ஒரே மணி நேரத்தில் 75 கொட்டினாலும் வெளியேற வேண்டும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா கரையேறியபோது பல இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீற்றரைத் தாண்டியது. சிவப்பு எல்லையைப் போல இரண்டு மடங்கு. நாடு முழுவதும் அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப் போனார்கள்.

அளவுகோல் இருந்தும் ஏன் சாகிறோம்? மீரியபெத்தையை நினைத்துப் பார்த்தால் பதில் தெரியும். எங்கள் பக்கத்தில் கொஸ்லந்தையில், 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலையில் லயங்கள் மொத்தமாக மண்ணுக்குள் போயின. பாடசாலைக்குப் புறப்பட்டுப் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள், திரும்பி வந்தபோது பெற்றோர் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்பது யாருக்கும் புதுச் செய்தி இல்லை. 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள். எச்சரிக்கை இருந்தது, போக இடம் இல்லை. தப்பியவர்கள் புது வீட்டுக்குப் போக இரண்டு வருடம் அளவில் ஆனது, அதுவரை பழைய தேயிலைத் தொழிற்சாலைக்குள்தான் குடித்தனம்.

இன்னொரு சிக்கலும் உண்டு, இதை எங்கள் டிவிஷனிலேயே பார்த்தேன். ஒரு பருவத்தில் மூன்று தடவை வெளியேறச் சொன்னார்கள். மூன்று தடவையும் பாயைச் சுருட்டிக்கொண்டு பாடசாலை மண்டபத்துக்குப் போனோம், மூன்று தடவையும் ஒன்றும் நடக்கவில்லை. நான்காவது தடவை பாதிப் பேர் போகவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு, கொட்டுகிற மழையில், எழுபது வயதுக்காரியை எழுப்பி வழுக்குப் படியில் இறக்குவதும் ஆபத்துதான்.

அப்படியானால் இது வழியே இல்லையா? நிரந்தர வழி இல்லை. ஆனால் வேறு எந்த வழியை எடுத்தாலும் அது கைக்கு வரும்வரை நாம் இருக்கப்போவது இந்த வழியில்தான். அதனால் இதை ஒழுங்காகச் செய்யப் பழக வேண்டும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஏழு பேர்ச்

2015க்குப் பிறகு தோட்ட வீட்டுத் திட்டங்களில் குடும்பத்துக்கு ஏழு பேர்ச் என்பது பேச்சு வழக்காகவே ஆகிவிட்டது. ஏழு பேர்ச் என்பது ஏறக்குறைய 1900 சதுர அடி. அதில் 550 சதுர அடி வீடு. இந்திய உதவித் திட்டத்தில் வந்த வீடுகளும் உண்டு. முதலில் 4000, அப்புறம் 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்த இன்னொரு 10,000. வீடு கிடைத்த எத்தனையோ பேருக்கு உறுதிப் பத்திரம் இன்னும் கைக்கு வரவில்லை என்பது மலையகத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அதைத் தனியாக எழுத வேண்டும். இங்கே நான் கேட்பது வேறு கேள்வி: அந்த ஏழு பேர்ச் மலையில் எந்த இடத்தில் இருக்கிறது?

எங்களுக்கு இரண்டு துண்டு காட்டினார்கள். முதல் துண்டைப் பார்த்ததும் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. ரோட்டுக்குப் பக்கம், தண்ணீர்க் குழாய் பத்தடியில், தரை சமமாக. சித்தி அங்கேயே நின்று எங்கே குசினி, எங்கே சாமிப் படம் என்று பிரிக்கத் தொடங்கிவிட்டார்.

எனக்கு அந்தச் சமம்தான் இடித்தது. எங்கள் மலையில் சமமான தரை எங்கிருந்து வந்தது? பின்னால் போய்ப் பார்த்தேன். மலையை மெஷினால் வெட்டி எடுத்திருந்தார்கள், பன்னிரண்டு அடி உயரத்துக்கு மண்சுவர் நெட்டுக்குத்தாக நின்றது. வெட்டிய மண்ணைத்தான் முன்பக்கம் தள்ளி நிரப்பியிருக்கிறார்கள். ஆக வீட்டின் பின்பாதி வெட்டிய மலைக்கு அடியில், முன்பாதி தள்ளிய மண்ணுக்கு மேலே. மலையின் காலை வெட்டினால் மேலே இருப்பதைத் தாங்க ஒன்றும் இருக்காது. இன்னும் கொஞ்சம் மேலே ஏறினால் ஓர் ஓடைத் தடம், வெயில் காலத்தில் காய்ந்து கிடக்கும் பள்ளம். அதன் வாய் நேராக அந்தத் துண்டைப் பார்த்துத்தான் திறந்திருந்தது. பள்ளத்தின் அடியில் கிடந்த கற்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத அளவில், மண்ணோடு கலந்து கிடந்தன. முன்பு எப்போதோ மேலேயிருந்து இறங்கி வந்தவை அவை. மலை ஒரு தடவை வந்த வழியில் மறுபடி வருவது சுலபம்.

இரண்டாவது துண்டு மலையின் முதுகில். இரண்டு பள்ளங்களுக்கு நடுவில் புடைத்து நிற்கும் மேடு, கவ்வாத்து வெட்டிய மலைக்குப் பக்கத்தில். மழைத் தண்ணீர் இரண்டு பக்கமும் பிரிந்து ஓடும். பாறை மேலாகவே தெரிகிறது. மரங்கள் நேராக நிற்கின்றன, சாய்ந்த மின்கம்பமும் இல்லை. ஆனால் குழாய் இல்லை, ரோட்டிலிருந்து நூற்றிருபது படி, காற்று அடித்தால் தகரம் பறக்கும். அம்மா பார்த்துவிட்டு, "இங்க பேய்தான் குடியிருக்கும்" என்றார்.

என் கணிப்பு இரண்டாவது துண்டின் பக்கம்தான். தண்ணீரைக் குழாய் போட்டுக் கொண்டுவரலாம், தகரத்தைக் கம்பி போட்டு இறுக்கலாம், படிக்குக் கைப்பிடி வைக்கலாம். எல்லாமே செலவு, ஆனால் செய்து முடிக்கிற செலவு. முதல் துண்டின் குறையைச் சரிசெய்யத் தாங்கு சுவர், அதற்குள் தண்ணீர் வடியும் துளை, மேலே வெட்டுக் கான் என்று வீட்டுக்கு ஆவதைவிடக் கூடுதலாக வேண்டும். யாரும் நமக்குக் கட்டித் தரப் போவதில்லை. லயத்துப் பின்மலைக்குப் பயந்து புறப்பட்டுப் போய், அதைவிடக் கிட்டத்தில் ஒரு வெட்டு மலையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வது எனக்கு விளங்கவில்லை.

துண்டை ஒப்புக்கொள்ளும் முன் ஒரு விஷயம்: மண்சரிவு அபாய மாவட்டங்களில் வீடு கட்டத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரை அறிக்கை தேவை. "எல்லாத்துக்கும் சேர்த்து எடுத்தாச்சு" என்று வாயால் சொன்னால் சரி என்று வந்துவிடக் கூடாது. உங்கள் துண்டுக்கு என்ன எழுதியிருக்கிறது, எந்த நிபந்தனையோடு எழுதியிருக்கிறது என்று கேட்டு வாசிக்க வேண்டும். நிபந்தனையில் தாங்கு சுவர் என்று இருந்து, இடத்தில் சுவர் இல்லை என்றால் அந்தத் தாளுக்கு அர்த்தம் இல்லை.

டவுனும் வன்னியும்

டவுன் வாடகை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அது மழைக் கணக்கில் இல்லை, சம்பளக் கணக்கில் தோற்கிறது. 2024இல் நாட்சம்பளம் 1350 ரூபா ஆனது. மாதம் இருபது நாள் வேலை கிடைத்தால் 27,000, அதிலும் கழிவு போகும். அதற்குப் பிறகு கூடியதைச் சேர்த்துக்கொண்டாலும், பண்டாரவளையில் ஐந்து பேர் இருக்கக்கூடிய இரண்டு அறைக்கு அதில் பெரும்பங்கு போய்விடும். பஸ் காசு வேறு. தோட்டத்தில் பெயர் இல்லாமல் போனால் ஏழு பேர்ச் பட்டியலிலும் பெயர் இருக்குமா என்பது சித்தியின் பயம். டவுன் என்றால் பத்திரம் என்பதும் இல்லை. மலை டவுன்களில் ரோட்டைப் பார்த்து மூன்று மாடியும், பின்னால் பள்ளத்தில் தூண் ஊன்றி இரண்டு மாடியுமாக நிற்கும் கட்டடங்களைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஆனாலும் ஒரு பயன் உண்டு: வருடம் முழுவதற்கும் இல்லாமல், ஐப்பசி தொடங்கித் தை வரை பிள்ளைகளும் அவர்கள் அம்மாவும் என் வீட்டில் இருந்துகொள்ளலாம். நெருக்கம்தான், மூன்று மாதம் தாங்கும்.

வன்னிக்கு இறங்குவது எங்கள் சனத்துக்குப் புதிதில்லை. 1977 கலவரத்துக்குப் பிறகும் 1983க்குப் பிறகும் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போனவர்கள் ஏராளம். என் மாமாவும் அப்படிப் போனவர்தான். காணி உண்டா என்று கேட்டால் உடனே பதில் சொல்ல மாட்டார். மலை இல்லாத இடத்தில் மண்சரிவு இல்லை, அது உண்மை. ஆனால் காலநிலை மாற்றம் மலையில் மட்டும் ஏறி உட்கார்ந்திருக்கவில்லை. 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் கதவுகளைத் திறந்தபோது கிளிநொச்சியில் மாமா வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். அது இல்லாத மாதங்களில் வெயில். ஆயிரம் மீற்றருக்கு மேல் குளிரில் வளர்ந்த உடம்பு, எழுபது வயதில், சித்திரை வெயிலில் தகரத்துக்கு அடியில் எப்படி இருக்கும்? மாமா வரச் சொல்கிறார், அன்பாகத்தான் சொல்கிறார். இளம் குடும்பம், கையில் வேறு தொழில், உறுதியோடு காணி என்று இருந்தால் யோசிக்கலாம். எங்களுக்கு அந்த மூன்றில் ஒன்றும் இல்லை.

இப்போதைக்கு

இரண்டாவது துண்டைக் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறோம். "எல்லாரும் ரோட்டோரம் கேக்கிறாங்க, நீங்க மட்டும் ஏன் மேல கேக்கிறீங்க?" என்று அங்கே இருந்தவர் சிரித்தார். எழுத்தில் பதில் எப்போது வரும் என்று தெரியாது. அதுவரை லயம்தான், பருவத்தில் பிள்ளைகள் என்னோடு.

அம்மாவோடு ஓர் உடன்படிக்கை ஆகியிருக்கிறது. மூன்று நாள் பேசி எடுத்தது. லயத்துக்கு முன்னால் மரம், கூரை எதுவும் மறைக்காத இடத்தில் ஒரு பால்மா டின்னை வைத்திருக்கிறேன். வாயும் அடியும் ஒரே அகலமாக இருக்கும் டின்னாக இருந்தால் போதும். உள்ளே நிற்கும் தண்ணீரின் உயரம்தான் பெய்த மழையின் அளவு, பிள்ளைகளின் அடிமட்டத்தை விட்டுப் பார்த்துக்கொள்ளலாம். ஏழரை சென்ரிமீற்றர் என்றால் 75 மில்லிமீற்றர். தினமும் காலை எட்டரைக்கு, வளிமண்டலவியல் திணைக்களம் அளக்கும் அதே நேரத்துக்கு, பார்த்துக் கொப்பியில் எழுதிவிட்டு ஊற்றிவிட வேண்டும். சித்தி மகளின் மூத்தவன் அந்த வேலையை எடுத்துக்கொண்டான். அவன் என்னிடம் வந்துவிட்டால் மூன்றாவது காம்பராப் பையன்.

ராத்திரியில் எழுந்து ஓடுவதில்லை என்பது அம்மாவின் நிபந்தனை. அதனால் வெளியேறும் அளவைக் கீழே இறக்கினோம். பின்னேரம் ஐந்து மணிக்கு டின்னில் ஏழரை இருந்து மழையும் விடவில்லை என்றால், வெளிச்சம் இருக்கும்போதே பாடசாலைக்குப் போய்விடுவது. முந்தின மூன்று நாளும் விடாமல் பெய்து மண் ஊறிக் கிடந்தால் ஐந்து சென்ரிமீற்றரே போதும். வெடிப்பு விரிந்தாலோ, பீலித் தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ நின்றாலோ, நேற்று மூடிய கதவு இன்று நிலையில் இறுகினாலோ டின்னைப் பார்க்கவே தேவையில்லை. எனக்கு ஒரு போன் கோல், அப்புறம் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117.

போன கிழமை ஒரு பின்னேரம் அம்மா போனில் கோல் எடுத்தார். டின்னில் நாலு சென்ரிமீற்றர் என்றார். அப்படியானால் போகத் தேவையில்லையே என்றேன்.

"தெரியும். சும்மா சொன்னேன்" என்றார்.